டிரம் நம்பர் ஏழில் ஒரு கல்வியாண்டு

சகீனா ஒரு டம்ளரில் டீ ஊற்றி முடிப்பதற்குள் நான் மந்திரப் பள்ளிக்கூடத்தில் ஒரு முழு வருஷம் படித்துவிட்டேன். ஜூன் மாசம் சேர்ந்தேன், ஏப்ரலில் பரீட்சை எழுதினேன், பாஸும் ஆனேன். வயது அறுபத்திரண்டு. பள்ளிக்கூடம் இருந்தது ஆம்பூரில், தோல் பதனிடுகிற டேனரி ஒன்றின் ஏழாம் நம்பர் டிரம்முக்குள்ளே.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். முதல் தடவை இதை டீக்கடையில் சொன்னபோது, ஒருத்தர் சிரித்த சிரிப்பில் பல்செட்டு கழன்று வடைச் சட்டியில் விழுந்து பொன்னிறமாகப் பொரிந்தது. அதற்கெல்லாம் நான் கோபப்படுகிற ஆளில்லை. என்னைப் பேஜார் பண்ணினவன் ஒருத்தன்தான், கோவிந்தசாமி. அந்த வருஷம் முழுக்க எனக்குப் பக்கத்திலேயே நின்று படித்தவன் அவன். படித்துக்கொண்டே, "இதெல்லாம் ஒண்ணும் நடக்கல" என்று சொன்னவன்.

முதலில் நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். கங்காதரன். முப்பத்தாறு வருஷம் செலக்ஷன் மாஸ்டர். பதனிட்ட தோலை வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, இது முதல் தரம், இது மூணாம் தரம், இது கழிவு என்று பிரிக்கிற வேலை. ஒரு தோலைத் தடவிப் பார்த்தே அந்த ஆடு எந்த ஊர் முள்வேலியில் உரசியது என்று சொல்லிவிடுவேன். அந்த ஆட்டுக்கும் அதன் மாமியாருக்கும் என்ன தகராறு என்றுகூடச் சொல்வேன், கேட்கத்தான் ஆளில்லை. கோவிந்தசாமி அதே டேனரியில் எலக்ட்ரீஷியன். மோட்டார், பெல்ட், விளக்கு எல்லாம் அவன் கை. இரண்டு பேரும் ஒரே மாசத்தில் ரிடையர் ஆனோம்.

போன வருஷம் ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்களைக் கூப்பிட்டனுப்பினார்கள். டேனரி புது ஷெட்டுக்கு மாறிவிட்டது. பழைய ஷெட்டில் மர டிரம்கள் மட்டும் நின்றன. யாரோ பெங்களூர்க்காரர் அந்தப் பலகையில் ஹோட்டலுக்கு மேசை செய்யப் போகிறாராம். அளந்து சொல்ல வேண்டும்.

டிரம் என்றால், படுக்க வைத்த பெரிய மரப் பீப்பாய். ஏழாம் நம்பர் டிரம் ஆறு ஆள் உயரம். கோவிந்தசாமி டேப் வைத்து அளந்ததால் இரண்டு ஆள் உயரம் ஆகிவிட்டது. வயிற்றில் ஒரு சதுரக் கதவு. அதை மூடி ஒரு மர ஆப்பு அடிப்பார்கள். உள்ளே சுவர் பூரா முழங்கை நீளத்துக்கு மர முளைகள். டிரம் சுற்றும்போது தோலைத் தூக்கிப் போடுவதற்கு. நடு அச்சில் ஒரு ஓட்டை உண்டு. மருந்துத் தண்ணீர் விடுகிற வழி அது.

நாங்கள் அளந்துகொண்டிருந்தபோது சகீனா வந்தாள். ஷூ கம்பெனியில் ஷூவின் மேல்பாகம் தைக்கிறவள். கையில் டீ பிளாஸ்க், கூடவே மகள் தூபா. பன்னிரண்டு வயது. அடுத்த நாள் பள்ளிக்கூடம் திறக்கிறது என்பதற்காகப் புது யூனிஃபார்மை அன்றைக்கே போட்டுப் பார்த்துக்கொண்டு வந்திருந்தாள்.

"மாஸ்டர், இது இன்னான்னு பாருங்க. மூணு நாளா இவ தலகாணிக்கு அடியில கெடக்குது. குப்பையில போட்டேன், திரும்பி வந்துச்சு. அடுப்புல போட்டேன், அடுப்பு அணைஞ்சுபோச்சு."

விரல் அகலத்துக்கு ஒரு நீலத் தோல் துண்டு. அதில் ஓட்டை ஓட்டையாகக் குத்து. டிரம்முக்குள் மை நிற்காது என்பதால் லாட் நம்பரைத் தோலில் குத்தித்தான் வைப்போம். அந்தக் குத்தைப் படிப்பதில் வேலூர் முதல் வாணியம்பாடி வரை என்னை மிஞ்ச ஆள் கிடையாது. படித்தேன். டிரம் ஏழு. இன்றைய தேதி. மணி பதினொன்று. உருப்படி மூன்று.

"மூணு தோலை ஏழாம் நம்பர் டிரம்ல போடணும்னு இருக்கும்மா. எவனோ வெளையாடறான்."

சகீனா நிம்மதியாகி வெளியே ஒரு கட்டையில் உட்கார்ந்து பிளாஸ்க்கைத் திறந்தாள். கோவிந்தசாமி டிரம்முக்குள் டேப்பின் ஒரு முனையைப் பிடித்திருந்தான், நான் மறுமுனை. "உள்ள எப்படி இருக்கும் மாஸ்டர் தாத்தா?" என்று தூபா கதவு வழியாகக் குதித்தாள். மணி பதினொன்று. உள்ளே உருப்படி மூன்று.

கதவு மூடிக்கொண்டது.

"காத்து," என்றான் கோவிந்தசாமி.

ஆப்பு அடிக்கிற சத்தம் கேட்டது. மூன்று அடி.

"இதுவும் காத்தா?"

"இருக்கும்."

அப்போதுதான் ஜாஸ்மின் மேடத்தைப் பார்த்தோம். முப்பது வயசு இருக்கும். நீலக் கோட்டு, கழுத்தில் பேர் போட்ட ஐடி கார்டு, கையில் அட்டையில் செருகின பேப்பர். ஷூ கம்பெனி லைன் சூப்பர்வைசர் என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ணலாம். என்ன, எங்கள் தலைக்கு மேலே தலைகீழாக நின்றுகொண்டிருந்தார்.

"மூணு உருப்படி. கரெக்ட். மந்திரம் ஃபர்ஸ்ட் இயர், வெல்கம். பாஸ் ஆனதும் கதவு திறக்கும்."

"யாரும்மா நீ? எறங்கு மொதல்ல. விழுந்துடுவே," என்றான் கோவிந்தசாமி.

"நீங்கதான் சார் தலைகீழா இருக்கீங்க."

நான் கொஞ்சம் நயமாகப் பேசிப் பார்த்தேன். "மேடம், சேர்க்கை இந்தப் புள்ளைக்குத்தானே வந்திச்சு? நாங்க சும்மா அளக்க வந்தவங்க. எங்களை அனுப்பிடுங்க."

"லாட் உடைக்கக் கூடாது மாஸ்டர். உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். தோல் வேலையின் முதல் சட்டம் அது. ஒன்றாக டிரம்முக்குள் போன தோல் ஒன்றாகத்தான் வெளியே வரவேண்டும். ஒன்று பதமாகவில்லை என்றாலும் மொத்த லாட்டும் உள்ளேயே கிடக்கும். எத்தனை பையன்களை நானே இதைச் சொல்லித் திட்டியிருக்கிறேன்!

தூபா கையைத் தூக்கினாள். "மேடம், ஒருத்தர் பெயிலானா?"

"மூணு பேரும் பெயில். திரும்ப ஜூன்லேருந்து. பேரணாம்பட்டுல ஒரு டிரம்ல ஒரே லாட்டு பதினோரு வருஷமா ஃபர்ஸ்ட் இயர்லயே இருக்குது. அதுல ஒருத்தருக்குப் பறந்தா தலை சுத்துதாம்."

டிரம் சுற்ற ஆரம்பித்தது.

அந்தப் பள்ளிக்கூடத்தில் பெஞ்சு கிடையாது. தரை மெதுவாகச் சுவராகும், சுவர் கூரையாகும். நிற்காமல் நடந்தால்தான் நிற்கவே முடியும். சோளிங்கர் மலைப்படி ஏறினால் புண்ணியம் என்கிறார்கள். நாங்கள் தினம் நூறு சோளிங்கர் ஏறினோம். ஒரு தடவைகூட உச்சிக்குப் போகவில்லை. வேலை முடிந்து டிரம் நிற்கும்போது, அது நின்ற இடத்தில் எது தரையோ அதில் சுருண்டு படுப்போம். பசி கிடையாது. டிரம்முக்குள் போன தோலுக்கு ஏது பசி? ஆசை மட்டும் வரும்.

பாடமெல்லாம் தோல் பதனிடுகிற வரிசையில்தான். முதல் மூன்று மாசம் ஊறல்: அதுவரை தெரிந்ததையெல்லாம் ஊறவைத்து மறப்பது. அப்புறம் சுண்ணாம்பு: ரோமம் கழிவதுபோல வெட்கம் கழிவது. அதற்கப்புறம்தான் மந்திரம். ஒரு பலகையில் மணிக்கு மணி டார்கெட் எழுதுவார்கள். 'ஒன்பது முதல் பத்து: மந்திரம் எட்டு. முடித்தது: மூன்று. காரணம்: கங்காதரன்.'

காரணம் நான்தான், ஒப்புக்கொள்கிறேன். எனக்கு மந்திரம் வந்தது, ஆனால் அளவாக வரவில்லை. ஆற்காட்டு மக்கன் பேடா ஒன்றே ஒன்று வேண்டும் என்று நினைத்தேன். ஷேர் ஆட்டோ அளவுக்கு ஒரு பேடா வந்து விழுந்தது. அது ஜீராவோடு டிரம்மில் உருண்டு எங்களைத் துரத்தியதே, அப்படி ஒரு ஓட்டம் நான் வாலிபத்தில்கூட ஓடியதில்லை. தின்று தீர்க்கப் பதினேழு நாள் ஆயிற்று. ஜாஸ்மின் மேடம் என் அட்டையில் 'ஓவர் சைஸ்' என்று குத்தினார்.

தூபாவுக்கு அப்படியில்லை. ஊசியை அழைத்தால் ஊசி வரும், அதில் நூலும் கோத்திருக்கும்.

ஆனால் எங்கள் லாட்டிலேயே பெரிய வித்தைக்காரன் யாரென்று கேட்டால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது. கோவிந்தசாமி! அக்டோபர் மாசம் ஒரு ஃபியூஸ் போன பல்பைக் கையில் எடுத்து, தூசு தட்டி, "எரிய மாட்டியா நீ?" என்றான். எரிந்தது. ஒயர் இல்லை, ஹோல்டர் இல்லை, உள்ளங்கையில் எரிந்தது.

"கோவி தாத்தா, மந்திரம்!" என்று தூபா குதித்தாள்.

"லூஸ் கனெக்ஷன்மா."

"எதுக்கும் எதுக்கும் கனெக்ஷன்யா?" என்றேன்.

"அதான் லூஸுன்னு சொல்றேன்."

பறக்கிற வகுப்பில் நான் ஓர் அடி எழும்பியதற்கே மூன்று நாள் இடுப்பு பிடித்துக்கொண்டது. அவன் பீடியைத் தேடிக்கொண்டே அச்சு உயரத்துக்குப் போய்விட்டான். கேட்டால், "பெல்ட் ஸ்லிப்பாவுது, அந்த ஜெர்க்குல தூக்கிடுச்சு." நானும் அவனும் முப்பத்தாறு வருஷ தோஸ்த். அவனை அடிக்க வேண்டும் போலிருந்தது அந்த வருஷம்தான். தினம் காலையில் கண் விழித்ததும் முதல் வார்த்தை, "இன்னும் கனவு முடியல போல." அவனுக்கு இது ஒரு நீளமான மத்தியானத் தூக்கம். டிரம்முக்குள் ஏதோ பழைய கேஸ் தங்கியிருந்தது, அதனால் மயங்கிக் கிடக்கிறோம், யாராவது வந்து தண்ணீர் தெளிப்பார்கள். அவ்வளவுதான் அவன் கணக்கு.

தூபாவுக்கு அப்படி ஒரு கணக்கு இல்லை. அவளுக்கு அச்சு ஓட்டைதான் எல்லாம்.

அந்த ஓட்டை வழியாகப் பார்த்தால் வெளியே ஓர் உள்ளங்கை அகலத்துக்கு உலகம் தெரியும். அதில் கட்டையில் உட்கார்ந்து சகீனா டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். ஜூனில் பிளாஸ்க்கின் வாயில் எட்டிப் பார்த்த டீ, தீபாவளிக்குத்தான் டம்ளரின் அடியைத் தொட்டது. நடுவில் அவள் ஒரு தடவை கண் சிமிட்டினாள். மூடுவதற்கு ஒரு மாசம், திறப்பதற்கு ஒரு மாசம். மூடியிருந்த நாளெல்லாம் தூபா ஓட்டைப் பக்கமே போகவில்லை.

நாங்கள் எவ்வளவு கத்தினாலும் வெளியே கேட்காது. பத்து அடி தூரத்தில் அம்மா, தூபா வாயில் 'அம்மி'. நாங்கள் பத்து மாசம் கத்தினோம்.

வெளியே நேரம் நகரவில்லை, ஆனால் உள்ளே இருந்த நாங்கள் நகர்ந்தோம். என் தாடி தொப்புளைத் தொட்டது, உண்மையில் மார்பை. தூபாவின் யூனிஃபார்ம் கை மணிக்கட்டிலிருந்து பின்வாங்கிக்கொண்டே போயிற்று. டிரம்மின் பக்கச் சுவரில் சாக்பீஸால் தன் உயரத்தைக் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். கார்த்திகையில் ஒரு நாள் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"மாஸ்டர் தாத்தா, நான் வெளிய போறப்ப அம்மிக்கு ஒரு டம்ளர் டீ நேரம்தான் ஆயிருக்கும் இல்ல?"

"ஆமாம்மா."

"ஒரு வருஷம்னா பரவாயில்ல. வளந்துட்டேன்னு நெனப்பாங்க. ரெண்டு வருஷம், மூணு வருஷம் ஆச்சுன்னா? பேரணாம்பட்டு மாதிரி பதினோரு வருஷம் ஆச்சுன்னா? பன்னெண்டு வயசுப் புள்ள உள்ள வந்துது, யாரோ ஒரு பொம்பள வெளிய வர்றா. அம்மி என்னைப் பாத்து, எம் பொண்ணு எங்கன்னு கேப்பாங்க இல்ல?"



அன்றே ஒரு காரியம் செய்தேன். கதவு வரவழைக்கிற மந்திரம் ஒன்று இருந்தது, ஃபைனல் இயருக்கானது. ஒரே ஒரு கதவு போதும் என்று மனசை அடக்கி அடக்கிச் சொன்னேன். நாற்பது கதவு வந்தது. டிரம்மின் சுவர் பூரா கதவு. கோவிந்தசாமிகூட ஓடி வந்து திறந்தான். முதல் கதவுக்கு அந்தப் பக்கம் இதே டிரம். அதில் மூன்று பேர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு கதவைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் திறந்த கதவுக்கு அப்பாலும் அதே முதுகுகள். தூபா நாற்பதையும் திறந்தாள். கடைசிக் கதவை மூடிவிட்டு அழாமல் போய் முளைகளுக்கு நடுவே படுத்துக்கொண்டாள். அழுதிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"பாஸ் பண்ணிடலாம்டி கண்ணு," என்றேன். "மூணு பேரும் பாஸ் பண்ணுவோம், ஒரே வருஷத்துல."

அதற்கப்புறம் நாங்கள் படித்த படிப்பு! ஐஏஎஸ் பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் எங்களைப் பார்த்திருந்தால் புத்தகத்தைப் போட்டுவிட்டு ஓடியிருப்பார்கள். மணிக்கு எட்டு டார்கெட் என்றால் ஒன்பது முடித்தோம். கோவிந்தசாமியும் செய்தான். "கனவுலயும் சும்மா இருக்கக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே செய்தான்.

ஏப்ரல் வந்தது. பரீட்சை.

டேனரியில் தோல் பதமாகிவிட்டதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. ஒரு சின்னத் துண்டு வெட்டி, அதன் உருவத்தைப் பேப்பரில் வரைந்துகொண்டு, துண்டைக் கொதிக்கிற தண்ணீரில் போடுவார்கள். எடுத்துக் கோட்டின்மேல் வைத்தால் அளவு சரியாக இருக்கவேண்டும். சுருங்கினால் பெயில். எங்களுக்கும் அதே சோதனைதான். தோலுக்குப் பதில், அந்த வருஷத்தைப் பற்றி ஆளுக்கு ஒரு வாக்கியம் சொல்லவேண்டும். சொன்ன வாக்கியம் துண்டாகிக் கையில் விழும். அதைக் கொதிக்கப் போடவேண்டும்.

தூபா, "எனக்கு அம்மிகிட்ட போகணும்," என்றாள். உள்ளங்கை அளவுத் துண்டு. மூன்று நிமிஷம் கொதித்தும் ஒரு நூல் சுருங்கவில்லை.

கோவிந்தசாமி, "கால் வலிக்குது," என்றான். அதுவும் சுருங்கவில்லை.

நான் என்னவோ பேசினேன். இந்தத் தோல் மண்டலத்திலேயே என்னைப்போல ஒரு மாணவன் என்று தொடங்கி எங்கேயோ போயிற்று. எருமைத் தோல் அளவுக்கு விழுந்தது என் வாக்கியம். தண்ணீரில் போட்டதும் புஸ்ஸென்று சுருங்கியது. சுருங்கி, சுருங்கி, கட்டைவிரல் நகத்தளவுக்கு வந்து நின்றது. தூபா கண்ணை மூடிக்கொண்டாள். ஜாஸ்மின் மேடம் அதை இடுக்கியால் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "பயமா இருந்துச்சு" என்ற இரண்டு வார்த்தைதான் அதில் மிச்சம். மறுபடி கொதிக்கப் போட்டார். அது அசையவில்லை.

"மினிமம் சைஸ். பாஸ்," என்றார்.

தூபா கத்திய கத்தலில் டிரம் தானாக அரைச் சுற்று சுற்றியது. நாங்கள் மூன்று பேரும் கதவுக்கு முன்னால் போய் நின்றோம்.

"லாக்புக்ல ஆளுக்கு ஒரு வரி எழுதிட்டுப் போங்க. வேலை முடிச்சுட்டு எழுதாம போகக் கூடாது இல்ல?" மேடம் தடித்த நோட்டு ஒன்றை நீட்டினார். தூபா எழுதினாள். நான் எழுதினேன், என் அளவில் சுருக்கமாக, நாலரைப் பக்கம். கோவிந்தசாமி வாங்கினான். ஷிஃப்டு முடிந்து எழுதுகிற அதே சாய்ந்த கையெழுத்தில், யோசிக்காமல், ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினான்.

'விசேஷம் ஒன்றும் இல்லை. கோவிந்தசாமி.'

முப்பத்தாறு வருஷமாக ஒவ்வொரு ஷிஃப்டு முடிவிலும் அவன் எழுதிய வரி அது. கை தானாக எழுதிவிட்டது.

ஜாஸ்மின் மேடம் படித்தார். பலகையில் இருந்ததையெல்லாம் துடைத்தார். 'ஜூன்' என்று எழுதினார்.

"இன்னா மேடம் பண்றீங்க?" என்றேன்.

"லாக்புக்ல ஒண்ணும் நடக்கலன்னு இருக்குது. நடக்காத வருஷத்துக்கு எப்படி பாஸ் போடறது? திரும்ப ஜூன்லேருந்து."

"அடிச்சிட்டு மாத்தி எழுதச் சொல்லுங்க!"

"லாக்புக்ல அடிக்கக் கூடாது, மாஸ்டர். கீழ இன்னொரு வரி சேக்கலாம். சங்கு ஊதறதுக்குள்ள. பத்து நிமிஷம் இருக்குது."

பத்து நிமிஷம். நான் கோவிந்தசாமியின் சட்டையைப் பிடித்தேன். "எழுதுய்யா. நடந்ததுன்னு ஒரு வார்த்தை."

"நடக்காததை எப்படிய்யா எழுதறது?"

"பறந்தியே!"

"பெல்ட்டு."

"பல்பு எரிஞ்சுதே!"

"சொன்னேனே."

"உன்னைக் கட்டிவெச்சு ஒதைச்சா அதுவாவது நடந்ததுன்னு எழுதுவியா?"

தூபா குறுக்கே வந்தாள். சாக்பீஸ் கோடு போட்ட சுவரில் முதுகை ஒட்டி நின்றாள். முதல் கோடு அவள் நெற்றி மட்டத்தில் இருந்தது.

"கோவி தாத்தா, டேப்பு வெச்சிருக்கீங்க இல்ல? அளங்க."

அவன் டேப்பைச் சட்டைப் பைக்குள் தள்ளினான்.

"அளந்து பாருங்க தாத்தா. இது எந்தக் கனெக்ஷன்னு சொல்லுங்க."

அளந்தான். ஒரு தடவை அளந்தான், டேப்பை உருவிச் சரிபார்த்து இன்னொரு தடவை அளந்தான். மூன்று அங்குலம்.

"தெரியும்மா," என்றான். குரல் தரையில் விழுந்தது. "ஆடியிலேயே தெரியும் எனக்கு. கனவுல நகம் வளருமா?"

"அப்புறம் ஏன் எழுத மாட்டேங்கறீங்க?"

அவன் ஒரு முளையின்மேல் உட்கார்ந்தான். தூபாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தான்.

"ஒண்ணு நடந்ததுன்னு எழுதினா, அதுவும் நடந்ததுன்னு ஆயிடும்யா."

எனக்குப் புரிந்தது. நான் பெரிதாக்காத கதை இந்த ஊரில் கிடையாது. அந்த ஒன்றை மட்டும் நான் சின்னதாகக்கூடச் சொன்னதில்லை.

தொண்ணூற்றெட்டு, ஆகஸ்ட். மூணாம் நம்பர் டிரம்மின் பல்சக்கரத்துக்கு மூடி இல்லை. மூடி வேண்டும் என்று கோவிந்தசாமி மூன்று தடவை கேட்டிருந்தான். சமீருல்லா என்கிற ஆளின் கையுறை அதில் மாட்டியது. வலது கையில் இரண்டு விரல். அன்றைக்கு மானேஜர் கோவிந்தசாமியின் தோளில் கை வைத்து, ஷிஃப்டு புக்கைத் திறந்து, பேனாவையும் திறந்து கொடுத்தார். கோவிந்தசாமி எழுதினான். விசேஷம் ஒன்றும் இல்லை. பிறகு சமீருல்லா நியாயம் கேட்டு வந்தபோது, புக்கைக் காட்டி, ஒன்றும் நடக்காத அன்றைக்கு விரல் எப்படிப் போகும் என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள்.

"தெனம் டீக்கடையில பாக்கறேன் அவனை," என்றான் கோவிந்தசாமி. "அந்தக் கையாலதான் சலாம் வைக்கிறான். எம் புக்கு கரெக்ட்னா அவன் கை பொய். அவன் கை நெஜம்னா நான்... அதான்மா. ஒண்ணும் நடக்கலன்னு நெனச்சுக்கினே இருந்துட்டேன். பழகிப்போச்சு."

"அந்தத் தாத்தாவுக்கு வலிச்சிருக்கும் இல்ல?" என்று கேட்டாள் தூபா.

அச்சு ஓட்டையில் சகீனாவின் டம்ளர் விளிம்புவரை நிறைந்திருந்தது. மேடம் கடிகாரத்தைப் பார்த்தார்.

"கோவிந்து," என்றேன், "அன்னிக்கு நான் வடக்கு ஜன்னல் கிட்ட நின்னுக்கினு இருந்தேன். கையில இருந்த தோலைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கினே இருந்தேன், தலையைத் தூக்கல. நீ ஒரு வரி எழுதினே. நான் அதுகூட எழுதல. இப்ப எழுது. கீழே சாட்சிக் கையெழுத்து நான் போடறேன். வெளிய போனதும் மொதல்ல ரெண்டு பேருமா அவன்கிட்டதான் போறோம்."

"நீ போட்டா எவன்யா நம்புவான்? ஊருக்கே தெரியும் உன் வாயி."

"கொதிக்கப் போட்டு எடுத்த வாய்யா இது. இனிமே சுருங்காது."

அவன் சிரித்தானா, இருமினானா, தெரியவில்லை. நோட்டுக்குக் கையை நீட்டினான்.

எழுதினான். ஒரு வரி போதும் என்று மேடம் சொன்னதை அவன் காதில் வாங்கவில்லை. பேனாவை அழுத்தி அழுத்தி, ஒவ்வொரு எழுத்தாக எழுதினான். தூபா அவன் தோளுக்குப் பின்னால் எக்கி நின்று படித்துக்கொண்டிருந்தாள். எழுதி முடித்து என்னிடம் நீட்டினான். நான் என் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஓர் அலங்காரமும் இல்லாமல் பேரை மட்டும் எழுதினேன்.

"வாய் விட்டுப் படிங்க சார்," என்றார் ஜாஸ்மின் மேடம். ஒரு கையைக் கதவின்மேல் வைத்துக்கொண்டார். "லாட்டுக்குக் கேக்கணும்."

கோவிந்தசாமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுந்து நின்றான்.

"மேல எழுதினது தப்பு. தொண்ணூத்தெட்டு ஆகஸ்ட், மூணாம் நம்பர் டிரம்முல சமீருல்லாவோட வலது கையில ரெண்டு விரல் போச்சு. சக்கரத்துக்கு மூடி இல்ல. நான் பாத்தேன். அப்புறம் இந்த வருஷம், ஏழாம் நம்பர் டிரம்முல, நான், செலக்ஷன் கங்காதரன், சகீனா மக தூபா, மூணு பேரும் ஒரு வருஷம் மந்திரம் படிச்சோம். நான் பறந்தேன். புள்ள மூணு அங்குலம் வளந்தா."

"இதெல்லாம் நடந்ததா சார்? சும்மா பாஸுக்காக எழுதலையே?" என்றார் மேடம்.

கோவிந்தசாமி என்னைப் பார்த்தான், தூபாவைப் பார்த்தான், நோட்டை மூடினான்.

"நடந்ததும்மா," என்றான். "எல்லாமே நடந்தது."